அப்பத்தாவும் போட் மெயிலும்: ராமநாதபுரம் கரையோரம் நான்கு நாட்கள்

முதல் நாள், இரவு. தாம்பரம் தாண்டியாயிற்று

டிக்கெட்டில் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் என்றுதான் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. போட் மெயில்தான்.

கீழ் பெர்த்தில் ஜன்னலோரமாக அப்பத்தா. வயது 75. வெற்றிலைப் பையும், புளியோதரை இருக்கும் தூக்குவாளியும் மடியிலேயே இருக்கின்றன. ரயில் நகர்வதற்குள் எதிர் சீட்டுப் பையனிடம் கேட்டுவிட்டார். "தம்பி, இது தனுஷ்கோடி போற வண்டிதானே?" அவன் பதறிப்போய், "இல்ல பாட்டி, ராமேஸ்வரம் வரைக்கும்தான்" என்றான். அப்பத்தாவுக்குத் தெரியாததில்லை. அந்த ஊர்ப் பெயரை ரயிலுக்குள் உட்கார்ந்து ஒருமுறை சொல்லிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

1961இல், பதினோரு வயதில், அவர் இந்த வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தார். கொழும்பில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பலுக்கு மாறி, தனுஷ்கோடியில் இறங்கி மறுபடி ரயில், பரமக்குடியில் வீடு. கொள்ளுத்தாத்தாவுக்குக் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு வேலை. எங்கள் மாவட்டத்தில் இப்படி அக்கரைக்குப் போய் வந்த குடும்பங்கள் ஏராளம்.

போட் மெயில் முதலில் தூத்துக்குடிக்குத்தான் ஓடியது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல், நீண்ட கடல் பயணம். 1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வழி மாறியது. சென்னையில் ஒரே டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை போகலாம். நடுவில் கடல் என்று பார்த்தால் 35 கி.மீ. சொச்சம்தான்.

பள்ளி நாளிலிருந்து ரயில்களைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பையில் இப்போதும் இருக்கிறது. இங்கிலாந்தின் மல்லார்டு, 1938 ஜூலை 3, நீராவியில் மணிக்கு 203 கி.மீ., இன்றுவரை முறியடிக்கப்படாதது. பிரான்சின் டிஜிவி, 2007இல் 574.8. ஜப்பானின் காந்த ரயில், 2015இல் 603. திபெத்துக்குப் போகும் ரயில் 5,072 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டுவதால் பெட்டிக்குள் ஆக்சிஜன் விடுகிறார்கள். இதெல்லாம் முதல் பக்கங்கள். நான் அதிகம் புரட்டிய பக்கம் கடைசியில் இருக்கிறது. தண்ணீர் குறுக்கே வந்தும் பயணத்தை நிறுத்தாத ரயில்களை அதில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதில் முதல் பெயர் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ். 1883 அக்டோபரில் பாரிஸிலிருந்து கிளம்பியபோது கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) வரை தண்டவாளமே கிடையாது. ருமேனியாவின் ஜியூர்ஜியூவில் எல்லோரையும் இறக்கி, தன்யூப் ஆற்றைப் படகில் கடக்க வைத்து, அக்கரையில் ருசேயில் வேறு ரயில் ஏற்றி, கருங்கடல் ஓரத்து வர்னாவில் கப்பலேற்றினார்கள். நேரடி ரயில் வந்தது 1889இல். உலகமே ஆடம்பரத்துக்கு உதாரணம் காட்டும் வண்டி முதல் ஆறு வருஷம் ஒரு போட் மெயிலாகத்தான் ஓடியிருக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். நாளைக்கு மீதி.

இரண்டாம் நாள். பாம்பன்

விடியும்போது மானாமதுரை போயிருந்தது. பரமக்குடி வந்ததும் அப்பத்தா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். சொந்த ஊரில் இறங்காமல் தாண்டிப் போவது அவருக்கு இதுதான் முதல் தடவையாம். ராமநாதபுரத்துக்கு அப்புறம் ஊர்ப் பெயர்களே நிலத்தைச் சொல்லிவிடும். வாலாந்தரவை, உச்சிப்புளி. தரவை என்றால் எங்கள் பக்கத்தில் திறந்து கிடக்கும் வெற்று நிலம். இரண்டு பக்கமும் உடைமரம், பனை, மணல்.

மண்டபம் கேம்ப் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அந்த கேம்ப் என்ற சொல் சும்மா ஒட்டிக்கொண்டதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காக இங்கே அடைத்து வைத்துப் பிறகுதான் கப்பலேற்றினார்கள். பிற்காலத்தில் அதே இடம் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கு அகதி முகாமானது. இரண்டு திசையிலும் எங்கள் சனம் கண்ணீரோடு கடந்த இடம். போட் மெயில் என்றதும் வெள்ளைக்காரத் துரைமார் முதல் வகுப்பில் போனதைத்தான் பல பேர் எழுதுகிறார்கள். அந்த வண்டியை நிரப்பியவர்களில் தலையில் மூட்டையோடு போனவர்களும் இருந்தார்கள் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

மண்டபம் தாண்டியதும் ரயில் நடை போட ஆரம்பித்தது. பெட்டிக்குள் பேச்சு தானாக அடங்கியது. ஒரு நிமிடம் கரையோரத்துப் படகுகள் தெரிந்தன, அடுத்த நிமிடம் ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் மட்டும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. அப்பத்தாவின் முந்தானை பறந்து என் முகத்தில் அடித்தது. அவர் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. பயமா என்று கேட்டேன். "பயமா? எதுக்கு அப்பு பயம்? அப்பவும் இப்படித்தான் புடிச்சுக்கிட்டு வந்தேன்" என்றார்.

நாங்கள் போனது 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதுப் பாலத்தில். பக்கத்திலேயே பழைய பாலம் துருவேறி நிற்கிறது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. இரண்டுக்கும் வயது வித்தியாசம் 111 வருஷம், நீளம் மட்டும் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டு கி.மீ.க்குக் கொஞ்சம் மேல்.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்று இரண்டையும் ஒருமணி நேரமாவது பார்த்திருப்பேன். பழைய பாலத்தின் நடுவில் கப்பலுக்கு வழிவிடும் பகுதி இரண்டு பாதியாக இருக்கிறது. இது வில்லியம் ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் யோசனை. சிகாகோ நகரத்து ஆற்றுப் பாலங்களுக்காக உருவானது. கதவு மாதிரி கீலில் திரும்பாது, நாற்காலியின் வளைந்த கால் பின்னால் உருள்வது மாதிரி ஒவ்வொரு பாதியும் உருண்டு மேலே எழும். மோட்டார் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றித்தான் நூறு வருஷமும் திறந்தார்கள். புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. இந்தியாவில் கடலுக்கு மேல் இப்படிச் செங்குத்தாக எழும் முதல் ரயில் பாலம் இது. மின்சாரத்தில் நடக்கிறது. சில நிமிட வேலை.

பாலத்துக்குக் கீழே நாட்டுப்படகு கட்டியிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் கேட்காமலே அவர் 64 புயலுக்கு வந்துவிட்டார். இங்கே எல்லாப் பேச்சும் அங்கேதான் போய்ச் சேருகிறது. "எங்க அய்யா சொல்லுவாரு தம்பி, இரும்பு எங்க கெடக்குன்னு கடலுக்குத் தெரியும், கடலோட போறவனுக்கும் தெரியும்னு" என்றார்.

அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில், பாலத்தின் தூண்களுக்கு மேல் கிடந்த 145 இரும்பு கர்டர்களில் 126 கடலுக்குள் போய்விட்டன. ஷெர்சரின் தூக்குப் பகுதி மட்டும் அசையாமல் நின்றது. ஆறு மாதத்தில் பாலத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று முதலில் இலக்கு வைத்தார்கள், பிறகு அதையே மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற 32 வயதுப் பொறியாளரின் தலையில் விழுந்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயிலையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். புதிதாக கர்டர் செய்து கொண்டுவரக் காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். அப்போதுதான் மூழ்கிய கர்டர்கள் கடலில் எங்கே கிடக்கின்றன என்று மீனவர்கள் தகவல் சொன்னார்கள். கடலடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். தூக்கியதை இழுத்து வந்து தூணில் ஏற்றினார்கள். பாதி நாள் காற்று வேலை செய்ய விடாத கடல் இது. 46 நாளில் பாலத்தில் ரயில் ஓடியது.

உலக ரயில் சாதனைகளைத் தொகுப்பவர்கள் வேகத்தை எழுதுகிறார்கள், நீளத்தை எழுதுகிறார்கள், உயரத்தை எழுதுகிறார்கள். மல்லார்டு 203ஐத் தொட்டது ஒரு இறக்கத்தில், சிறிது நேரம் மட்டும். அதற்குள் பேரிங் சூடேறிக் கெட்டு, ரயிலை மெதுவாக ஓட்டிப்போய் வேறு இன்ஜினை மாட்ட வேண்டியதாயிற்று. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை, சின்ன வயதில் அந்த நீல இன்ஜின் படத்தைத் தலைமாட்டில் ஒட்டி வைத்துத் தூங்கியவன் நான். ஆனால் உடைந்த பாலத்தைக் கடலுக்குள்ளிருந்தே மீட்டெடுத்த 46 நாளும் அதே வரிசையில் இருக்க வேண்டும். இன்று சாயங்காலம் என் நோட்டில் மல்லார்டுக்கு நேர்கீழே எழுதிவிட்டேன்.

மூன்றாம் நாள். தனுஷ்கோடி

ராமேஸ்வரத்திலிருந்து ஆட்டோவில் காலை ஆறரைக்கே போய்விட்டோம். கடைகள் அப்போதுதான் சங்கையும் பாசியையும் பரப்பிக்கொண்டிருந்தன. ரோட்டுக்கு ஒரு பக்கம் தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது, மறுபக்கம் குதித்தது. பெண் கடல், ஆண் கடல் என்று இங்கே சொல்வார்கள்.

ஸ்டேஷன் என்று இப்போது இருப்பது சில சுவர்கள். பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, கூரை இல்லை. கொஞ்சம் தள்ளித் தண்ணீர்த் தொட்டி, அதற்கப்பால் சர்ச் சுவர். அப்பத்தா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தார். எந்தப் பக்கம் போகிறார் என்று புரியாமல் பின்னாலேயே போனேன். ஒரு இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். "இங்கனதான் பெட்டியத் தொறந்து காட்டச் சொன்னாக" என்றார்.

அது சுங்கச் சோதனை. தகரப் பெட்டியில் இருந்த துணியெல்லாம் வெளியே எடுத்துப் போடப்பட்டதாம். கொள்ளுப்பாட்டி கொண்டைக்குள் கிராம்பை முடிந்து வைத்திருந்தாராம். கொண்டையை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. பரமக்குடி வரும்வரை பெட்டி முழுக்க அந்த வாசம்தான் அடித்தது என்று சொல்லிச் சிரித்தார். சுவரோரம் கிடந்த ஒரு பவளக் கல்லை எடுத்து, அதன் துளைகளில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

கப்பல் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "கோசன்" என்றார் உடனே. கோஷன். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்கள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஓடியதை நான் படித்திருக்கிறேன். படித்த பெயரை, அதில் ஏறி வந்தவர் வாயால் கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்த ரயிலைப் பற்றியும் எழுதாமல் போக முடியாது. புயல் ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர், ஊரை எட்டும் நேரத்தில் அலையில் சிக்கியது. உள்ளே இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அப்பத்தாவோடு கூடப் படித்த ஒரு பிள்ளையின் சித்தப்பா அதில் இருந்தாராம். அவர் அதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

1964 என்று எழுதும்போதெல்லாம் எனக்கு இன்னொரு தேதியும் கூடவே வரும். அந்த வருஷம் அக்டோபர் 1இல்தான் ஜப்பானில் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே புல்லட் ரயில் ஓட ஆரம்பித்தது. மணிக்கு 210 கி.மீ. உலக ரயில் வரலாற்றில் புதுக் காலம் பிறந்த நாள் என்று அதைச் சொல்வார்கள். அதிலிருந்து மூன்று மாதம் முடிவதற்குள் இந்த ஊரும் இதன் ரயிலும் இல்லாமல் போயின. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

தனுஷ்கோடிக்கு ஒரு அக்கா உண்டு, அமெரிக்காவில். ஃப்ளோரிடாவின் தெற்கு முனையில், தீவுக்குத் தீவு பாலம் போட்டுக் கடலுக்கு மேலேயே ஹென்றி ஃப்ளாக்லர் என்ற செல்வந்தர் ரயில் பாதை போட்டார். 1912 ஜனவரியில் கீ வெஸ்ட் தீவுக்கு முதல் ரயில் போனது, அதாவது பாம்பனுக்கு இரண்டு வருஷம் முன்னால். அங்கே இறங்கிக் கப்பலேறினால் கியூபாவின் ஹவானா. இங்கே கொழும்பு, அங்கே ஹவானா. 1935 செப்டம்பர் 2இல் பெரும் புயல். அங்கே முகாமில் இருந்த தொழிலாளர்களை மீட்க அனுப்பிய ரயிலே இஸ்லாமொராடா என்ற இடத்தில் அலையில் சிக்கியது. பெட்டிகள் சரிந்தன, இன்ஜின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. அந்தப் புயலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ரயில் ஓடவில்லை, அந்தப் பாலங்களின் மேல் ரோடு போட்டுவிட்டார்கள். முதன்முதலில் இதைப் படித்தபோது ஏதோ எங்கள் ஊர்க் கதையைப் பெயர் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

வெயில் ஏறுவதற்குள் அரிச்சல்முனை போனோம். ரோடு முடிந்து, இரண்டு கடலும் சேரும் இடம். அக்கரை கண்ணுக்குத் தெரியவில்லை.

அங்கே மணலில் உட்கார்ந்து அப்பத்தாவுக்கு பைகால் ஏரியின் கதையைச் சொன்னேன். மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் வரை 9,289 கி.மீ., உலகத்திலேயே நீளமான ரயில் பாதை. 1891இல் வேலை ஆரம்பித்தார்கள், கடைசி ஆற்றுப் பாலம் முடிந்தபோது 1916 ஆகிவிட்டது. நடுவில் பைகால் ஏரி வழியை மறித்தது. கரையைச் சுற்றிப் பாதை போட்டு முடிக்கும் வரை, பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும் ஒரு கப்பலில் ரயில் பெட்டிகளை அப்படியே ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். அந்தக் கப்பல் இங்கிலாந்தில் செய்து, பாகம் பாகமாகக் கழற்றி, ஏரிக்கரையில் மறுபடி பூட்டியது. 1904இல் ஜப்பானோடு போர் வந்தபோது கடும் குளிர், கப்பல் போக முடியவில்லை. உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். பனிக்கட்டி கனம் தாங்காது என்று பெட்டிகளைத் தனித்தனியாகக் குதிரைகளை வைத்து இழுத்தார்கள்.

"ஐஸு மேலயா?" என்றார் அப்பத்தா. "குதிர வழுக்காதா?"

இந்தக் கேள்வி எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவே இல்லை. தெரியாது என்றேன்.

அப்புறம் அவர் கேட்டது இன்னும் பெரிய கேள்வி. "அக்கரையில இப்ப ரயிலு இருக்கா?" இருக்கிறது. போர்க் காலத்தில் தலைமன்னார்ப் பாதை அழிந்து கிடந்தது, மறுபடி போட்டு 2015 மார்ச்சில் திறந்தார்கள். கொழும்பில் ஏறினால் தலைமன்னார்த் துறை வரை வரலாம். புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய ராமானுஜம் கப்பலும் 1980களில் நின்றுபோனது. இத்தாலியில் ரோமிலிருந்து சிசிலிக்குப் போகும் ரயிலை இன்றைக்கும் மெஸ்ஸினா ஜலசந்தியில் கப்பலுக்குள் ஏற்றித்தான் கொண்டு போகிறார்கள். பயணிகள் தங்கள் படுக்கையிலேயே தூங்கிக்கொண்டு கடலைத் தாண்டுகிறார்கள். இங்கே இரண்டு கரையிலும் ரயில் வந்து நிற்கிறது. நடுவில் 35 கி.மீ. தண்ணீர் சும்மா கிடக்கிறது. மறுபடி ஒரு கப்பல் விட வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

நான்காம் நாள். குந்துகால், திரும்புதல்

காலையில் குந்துகால் போனோம். பாம்பனுக்குத் தெற்கே, சுற்றுலாக் கூட்டம் அதிகம் வராத கடற்கரை. 1897 ஜனவரி 26இல் விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கால் வைத்த இடம். நினைவு மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்கள். வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. நான் அங்கே போனதற்கு வேறு காரணமும் உண்டு. இந்தியாவிலேயே மிக நீளமான தூரம் ஓடும் ரயில், அசாமின் திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரி வரை 4,100 கி.மீ.க்கு மேல் போவது, விவேக் எக்ஸ்பிரஸ். விவேகானந்தருடைய 150ஆவது பிறந்தநாளை ஒட்டி அவர் பெயரை வைத்து 2011இல் விட்டது. மூன்று இரவு ரயிலிலேயே கழியும். அதில் ஒருமுறை போக வேண்டும் என்று அங்கேயே நின்று நோட்டில் எழுதினேன். அப்பத்தா வரமாட்டேன் என்றுவிட்டார். "கடல் இல்லாத வழியில எனக்கு என்ன வேல?" என்றார்.

பாம்பனில் நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ, பனங்கற்கண்டு அரைக் கிலோ. ரயிலில் வாசம் வரும் என்று நாலு பாலிதீன் சுற்றிக் கட்டியிருக்கிறோம்.

இப்போது சாயங்காலம். ராமேஸ்வரத்திலிருந்து போட் மெயில் கிளம்பிவிட்டது. பாலம் வருவதற்கு முன்பே அப்பத்தா பழைய பாலம் தெரியும் பக்கத்து ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்துகொண்டார். சின்ன வயதில் அவருடைய அண்ணன் பாலத்துக்கு நூற்று நாற்பத்தைந்து கண் என்று சொல்லிக்கொடுத்து, எண்ணிக்கொண்டே வா என்றாராம். ராத்திரி கண் விழித்த அசதியில் பாதியிலேயே தூங்கிவிட்டாராம்.

இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறார். உதடு மட்டும் அசைகிறது. விரலால் ஜன்னல் கம்பியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. நடுவில் ஏதோ கேட்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தூக்குப் பகுதி தாண்டிவிட்டது. மண்டபத்துக் கரை தெரிகிறது. "நூத்திப் பதினெட்டு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மறுபடி உதட்டுக்குள் போய்விட்டார்.